தூத்துக்குடி இருப்புப்பாதையின் பெட்டிகளும் சிற்றுரு மாதிரிகளும்

உண்மையான தொடர்வண்டிகளையும் பாதைகளையும் நிலையங்களையும் ஒரே அளவுவீதத்தில் சுருக்கிச் செய்யும் கலை சிற்றுரு இருப்புப்பாதை எனப்படுகிறது. இதில் பலரும் முதலில் கவனிப்பது இழுபொறியை. ஆனால் ஓர் ஊரின் வாணிகத்தையும் மக்களின் பயணத்தையும் எடுத்துச் சொல்பவை அதன் பின்னால் வரும் சரக்குப் பெட்டிகளும் பயணிகள் பெட்டிகளுமே. எந்தப் பெட்டி எந்த ஆண்டில் எந்தப் பாதையில் ஓடியது, எதை ஏற்றியது, யார் அதில் அமர்ந்தார்கள் என்று அறியாமல் அதன் சிற்றுருவைச் சரியாகச் செய்ய இயலாது. ஆகவே மாதிரி செய்பவர் ஓரளவுக்கு வரலாற்று மாணவராகவும் இருக்க வேண்டியிருக்கிறது.

தூத்துக்குடியும் அதன் முத்துக்குளித்துறைக் கடற்கரையும் இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. மீட்டர் பாதை, குறுகிய பாதை, அகலப்பாதை என்ற மூன்று வகைப் பாதைகளையும் இவ்வட்டாரம் வெவ்வேறு காலங்களில் கண்டுள்ளது. பஞ்சு, உப்பு, கருப்பட்டி, நிலக்கரி, உரம் ஆகிய சரக்குகளும், இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளரும், இந்திய விடுதலைப் போராட்டத்தின் ஒரு முக்கிய நிகழ்வும் இந்தப் பாதையோடு தொடர்புடையவை. இக்கட்டுரை அப்பெட்டிகளின் வரலாற்றையும், அவற்றைச் சிற்றுருவாக்கும்போது கருத வேண்டிய அளவுகளையும் நுட்பங்களையும் விளக்குகிறது.

பாதை வந்த கதை

தென் தமிழகத்தின் முதல் இருப்புப்பாதைகளைக் கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா நிறுவனம் அமைத்தது. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிராப்பள்ளி வரை 1861–62இல் அது போட்ட பாதை அகலப்பாதை. இந்தியாவில் அகலப்பாதையின் அகலம் 1,676 மில்லிமீட்டர், அதாவது ஐந்தரை அடி. 1870இல் மேயோ பிரபு தலைமையிலான அரசு, செலவைக் குறைக்கும் நோக்கில் புதிய பாதைகளை ஒரு மீட்டர் அகலத்தில் அமைக்க முடிவு செய்தது. 1874இல் உருவான தென்னிந்திய இருப்புப்பாதை நிறுவனம் தெற்கு நோக்கிய பாதைகளை மீட்டர் பாதையாகவே அமைத்தது. திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்கு 1875இலும், மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு 1876இலும் வண்டி ஓடத் தொடங்கியது. மணியாச்சியில் பிரிந்த கிளை திருநெல்வேலியை அடைந்தது.

மாவட்டத் தலைமையிடமான திருநெல்வேலியை விட்டுத் தூத்துக்குடியை நோக்கிப் பாதை சென்றதற்குக் காரணம் துறைமுகம். கொழும்புக்குச் செல்லும் நீராவிக் கப்பல்கள் இங்கிருந்து புறப்பட்டன. சென்னையிலிருந்து வந்து கப்பலோடு இணைந்த வண்டி போட் மெயில் என்று அழைக்கப்பட்டது. 1914 பிப்ரவரி 24இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின் இலங்கைக்கான முதன்மை வழி தனுஷ்கோடி–தலைமன்னாருக்கு மாறியது. போட் மெயில் என்ற பெயரும் அவ்வழியே சென்றது. எனவே தூத்துக்குடி நிலையத்தில் போட் மெயிலை நிறுத்திக் காட்ட விரும்பும் மாதிரிக் கலைஞர், தம் காட்சியின் ஆண்டை 1914க்கு முன் வைத்தாக வேண்டும்.

கப்பலுக்கும் பெட்டிக்கும் இடையே தோணி

பழைய தூத்துக்குடித் துறைமுகத்தில் கரையோரக் கடல் ஆழமற்றது. பெரிய கப்பல்கள் கரையிலிருந்து பல மைல் தொலைவில் நங்கூரமிட்டு நின்றன. பெட்டியிலிருந்து இறங்கிய பஞ்சுப் பொதி முதலில் கிட்டங்கிக்கும், அங்கிருந்து தோணிக்கும், தோணியிலிருந்து கப்பலுக்கும் போனது. பயணிகளும் படகேறியே கப்பலை அடைந்தனர். கப்பலோரம் வரை தண்டவாளம் போய்ச் சேரும் காட்சி அக்காலத் தூத்துக்குடிக்குப் பொருந்தாது.

1974 ஜூலை 11இல் புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. ஆழ்கடல் கப்பல்கள் கரையணையும் தளங்களும், மீளவிட்டான் பக்கமிருந்து வரும் துறைமுகப் பாதையும் சரக்குப் பெட்டியையும் கப்பலையும் முன்னைவிட நெருக்கமாக்கின. தோணித் தொழில் அத்துடன் முடிந்துவிடவில்லை. பழைய துறைமுகத்திலிருந்து தோணிகள் அதன் பிறகும் கடல் கடந்து சரக்கு ஏற்றிச் சென்றன. மாதிரிக் காட்சியில் தோணியையும் சரக்குப் பெட்டியையும் எங்கு, எவ்வளவு தொலைவில் வைப்பது என்பது துறைமுக வரலாற்றையே சுருக்கிச் சொல்லிவிடும்.

பஞ்சும் உப்பும் கருப்பட்டியும்

தொடக்ககால மீட்டர் பாதைச் சரக்குப் பெட்டிகள் பெரும்பாலும் நான்கு சக்கரம் கொண்ட சிறிய பெட்டிகள். மூடிய பெட்டியில் மழை படக்கூடாத சரக்குகளும், திறந்த பெட்டியில் கல், மரம், கரி போன்றவையும் சென்றன. தூத்துக்குடி வழியே சென்ற சரக்குகளில் முதன்மையானது பஞ்சு. கரிசல் நிலத்துப் பஞ்சு விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி வட்டாரங்களிலிருந்து வந்து, அழுத்தாலைகளில் இறுக்கிக் கட்டப்பட்டுக் கப்பலேறியது. ஹார்வி சகோதரர்களின் கோரல் ஆலை 1880களின் இறுதியில் இங்கு எழுந்தது. 1908 பிப்ரவரியில் அவ்வாலைத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம் தமிழகத் தொழிலாளர் வரலாற்றில் இடம் பெற்றது.

உப்பு இக்கடற்கரையின் நிலையான விளைபொருள். தமிழகத்தில் மிகுதியாக உப்பு விளையும் இடம் தூத்துக்குடி வட்டாரமே. உப்பு ஏற்றிய இரும்புப் பெட்டி விரைவில் துருப்பிடிக்கும். கடற்காற்றின் ஈரமும் அதற்குத் துணை செய்யும். எனவே இப்பாதைப் பெட்டியின் சிற்றுருவைப் பழையதாகக் காட்ட விரும்புவோர், துருவை மேலிருந்து கீழாகப் பொதுவாகத் தெளித்துவிடக் கூடாது. உப்பு தங்கும் இடங்களான தரைத்தட்டின் விளிம்பு, கதவின் அடிப்பகுதி, தகடுகள் ஒன்றோடொன்று சேரும் மூலைகள் ஆகியவற்றில்தான் அரிப்பு முதலில் தோன்றும். பாதையோரத்தில் கீற்று வேய்ந்த உப்பு அம்பாரங்களை வைத்தால் அந்தத் துருவுக்கான காரணமும் பார்ப்பவருக்குத் தெரியும்.

இவ்வட்டாரத்தில் அதிகம் பேசப்படாத இன்னொரு பாதையும் இருந்தது. குலசேகரன்பட்டினத்தில் பாரி நிறுவனத்தின் நிர்வாகத்தில் இயங்கிய சர்க்கரை ஆலைக்காக, இரண்டு அடி அகலமுள்ள சிறிய பாதை ஒன்று 1910களின் நடுப்பகுதியில் அமைக்கப்பட்டது. திருச்செந்தூர், குலசேகரன்பட்டினம், திசையன்விளை ஆகிய ஊர்களை இணைத்த இந்த இலகு இருப்புப்பாதை பனைத்தொழிலை நம்பியிருந்தது. கருப்பட்டிக்குப் பெயர்பெற்ற உடன்குடியும் இந்த வட்டாரத்தைச் சேர்ந்ததே. ஆலைச் சரக்குடன் பயணிகளையும் ஏற்றிய அந்தப் பாதை 1940இல் மூடப்பட்டது. தேரிக்காட்டின் செம்மணலும், பனங்காடும், குட்டைப் பெட்டிகளும் கொண்ட இந்தப் பாதை, சிறிய இடத்தில் முழுமையான காட்சி அமைக்க விரும்புவோருக்கு மிகவும் ஏற்றது.

பயணிகள் பெட்டியும் வகுப்பும்

ஆங்கில ஆட்சிக்காலப் பயணிகள் பெட்டி மரத்தால் ஆனது. தேக்கு மரச் சட்டமும் பலகையும் இரும்பு அடிச்சட்டத்தின்மேல் பொருத்தப்பட்டன. வெயிலைத் தடுக்க மரச் சட்டக் கதவுகளும், சன்னலுக்குமேல் நீண்ட நிழற்பலகைகளும் இருந்தன. பல பெட்டிகளில் அறைகள் ஒன்றோடொன்று இணைக்கப்படவில்லை. ஒவ்வோர் அறைக்கும் நடைமேடையை நோக்கித் தனிக் கதவு உண்டு. ஆகையால் வண்டி நகரும்போது ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குப் போக முடியாது.

இந்த அமைப்பை மனத்தில் கொண்டால் 1911 ஜூன் 17இல் மணியாச்சியில் நடந்ததைத் தெளிவாகப் புரிந்துகொள்ளலாம். திருநெல்வேலி ஆட்சியர் ராபர்ட் வில்லியம் டி எஸ்கோர்ட் ஆஷ், மனைவியுடன் கோடைக்கானலுக்குப் புறப்பட்டிருந்தார். திருநெல்வேலியிலிருந்து வந்த அவருடைய முதல் வகுப்புப் பெட்டி, தூத்துக்குடியிலிருந்து வரவேண்டிய போட் மெயிலுக்காக மணியாச்சிச் சந்திப்பில் காத்து நின்றது. செங்கோட்டையைச் சேர்ந்த வாஞ்சிநாதன் பெட்டிக்கு வந்து ஆஷைச் சுட்டார். பின்பு நிலையத்திலேயே தம்மையும் சுட்டுக்கொண்டு இறந்தார். இன்று அந்நிலையம் வாஞ்சி மணியாச்சி என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது. நெரிசல் இல்லாத முதல் வகுப்பு அறை, நடைமேடைப் பக்கம் திறக்கும் கதவு, இணைப்பு வண்டிக்காக நிற்க வேண்டிய சில நிமிடங்கள் ஆகியவை அந்நிகழ்வின் களம். பெட்டியின் அமைப்பு வரலாற்றின் ஒரு சான்றாக மாறுவது இப்படித்தான்.

இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1906 அக்டோபரில், வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் நிறுவனத்தைப் பதிவு செய்தார். பத்து லட்சம் ரூபாய் மூலதனம் திரட்டத் திட்டமிட்ட அந்நிறுவனம் காலியா, லாவோ என்ற இரு கப்பல்களை வாங்கித் தூத்துக்குடி–கொழும்பு வழியில் ஓட்டியது. வண்டியை விட்டு இறங்கும் பயணி வெள்ளையர் கப்பலில் ஏறுவதா, சுதேசிக் கப்பலில் ஏறுவதா என்ற கேள்வி அன்று அரசியல் கேள்வியாக இருந்தது. 1908இல் வ. உ. சி. சிறை சென்றார். நிறுவனமும் நிலைக்கவில்லை.

முதல் வகுப்புக்கு நேர் எதிர்முனையில் மூன்றாம் வகுப்பு இருந்தது. மரப்பலகை இருக்கை, கூட்ட நெரிசல், மூட்டை முடிச்சு ஆகியவை அதன் அடையாளம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற ஆயிரக்கணக்கான தமிழர்கள் இந்தப் பெட்டிகளில்தான் வந்தனர். தூத்துக்குடிக்கு அருகில் உள்ள தட்டப்பாறையில் அவர்களைத் தங்கவைத்துச் சோதிக்கும் முகாம் இருந்தது. பிற்காலத்தில் அப்பணி மண்டபம் முகாமுக்கு மாறியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லை தொழிலாளிக்குத் தரப்பட்டது. அதைக் காட்டினால் அவர் வழியில் ஏற்றி அனுப்பப்படுவார். செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். இறுதியில் அது பெரும்பாலும் தொழிலாளியின் கடனாகவே வந்து சேரும்.

பளபளக்கும் முதல் வகுப்புப் பெட்டியை மட்டும் செய்து அடுக்கும் மாதிரிக் கலைஞர், அக்கால வண்டியின் பெரும்பகுதியை விட்டுவிடுகிறார். ஒரு வண்டியில் ஏறியோரில் மிகப் பெரும்பாலோர் மூன்றாம் வகுப்பினர். காந்தியடிகள் 1917இல் மூன்றாம் வகுப்புப் பயணத்தின் இழிநிலை குறித்து ஒரு சிறு நூலே எழுதினார். சிற்றுருவில் ஒரு முதல் வகுப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் பல மூன்றாம் வகுப்புப் பெட்டிகள் நிற்பதே உண்மைக்கு நெருக்கமானது.

மரத்திலிருந்து எஃகுக்கு

தென்னிந்திய இருப்புப்பாதை நிறுவனத்தின் பெரிய பணிமனை முதலில் நாகப்பட்டினத்தில் இருந்தது. 1920களின் இறுதியில் அது திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலைக்கு மாற்றப்பட்டது. விடுதலைக்குப் பின் பயணிகள் பெட்டியின் வரலாற்றில் பெரிய திருப்பம் பெரம்பூரில் நிகழ்ந்தது. சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் நகர நிறுவனத்தின் தொழில்நுட்பத் துணையுடன் அமைந்த ஒருங்கிணைந்த பெட்டித் தொழிற்சாலையைப் பிரதமர் நேரு 1955 அக்டோபர் 2இல் தொடங்கிவைத்தார். ஐ.சி.எஃப். என்று பரவலாக அறியப்படும் இத்தொழிற்சாலையின் பெட்டியில் அடிச்சட்டம், பக்கச்சுவர், கூரை ஆகிய அனைத்தும் எஃகுத் தகட்டால் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டன. மரப்பெட்டி மோதலில் நொறுங்கும். ஒருங்கிணைந்த எஃகுப் பெட்டி அதைவிட உறுதியாகத் தாங்கும்.

அகலப்பாதை ஐ.சி.எஃப். பெட்டியின் உடல் நீளம் 21,337 மில்லிமீட்டர், அகலம் 3,245 மில்லிமீட்டர், தண்டவாளத்திலிருந்து உயரம் 4,025 மில்லிமீட்டர். இந்த வடிவமைப்பில் பெட்டிகள் 2018 வரை கட்டப்பட்டன. 2000ஆம் ஆண்டையொட்டி அறிமுகமான ஜெர்மானிய எல்.எச்.பி. பெட்டி இதைவிட நீளமானது. அதன் உடல் நீளம் 23,540 மில்லிமீட்டர். இரண்டையும் ஒரே நீளத்தில் செய்துவிட்டு நிறத்தை மட்டும் மாற்றினால் கண் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

தூத்துக்குடிப் பாதை 1990களில் அகலப்பாதையாக மாற்றப்பட்டது. மீட்டர் பாதைப் பெட்டிகள் வேறு இடங்களுக்குப் போயின அல்லது உடைக்கப்பட்டன. சென்னை எழும்பூருக்கும் தூத்துக்குடிக்கும் இடையே இரவில் ஓடும் வண்டி முத்துநகர் விரைவு வண்டி எனப் பெயர் பெற்றுள்ளது. முத்துக்குளிப்பு 1961உடன் நின்றுபோனது. 1973இல் தூத்துக்குடியில் இயங்கும் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தில் முத்து வளர்ப்பு வெற்றி கண்டது. ஆனால் பெரும்பாலான மக்களுக்கு முத்து இன்று நினைவூட்டப்படுவது வண்டியின் பெயர்ப்பலகையில்தான்.

அளவுவீதமும் பாதை அகலமும்

சிற்றுருவில் இரண்டு அளவுகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அளவுவீதம் என்பது உண்மைப் பொருள் எத்தனை மடங்கு சுருங்குகிறது என்பது. பாதை அகலம் என்பது சிற்றுருத் தண்டவாளங்களுக்கு இடையிலான தொலைவு. 1891இல் ஜெர்மனியின் மெர்க்லின் நிறுவனம் லைப்சிக் சந்தையில் சீரான பாதை அகலங்களை அறிமுகப்படுத்தியது. இன்று உலகில் மிகப் பரவலானது எச்.ஓ. எனப்படும் 1:87 வீதம். அதன் தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். இது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வழங்கும் 1,435 மில்லிமீட்டர் பாதைக்குப் பொருந்துமாறு வகுக்கப்பட்டது.

இந்தியப் பாதைகள் இதில் அடங்குவதில்லை. நம் அகலப்பாதையை 87ஆல் வகுத்தால் ஏறக்குறைய 19.3 மில்லிமீட்டர் வருகிறது. கடையில் கிடைக்கும் 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் இந்தியப் பெட்டியை நிறுத்தினால், உடல் சரியாகவும் கால்கள் நெருங்கியும் தோன்றும். பலர் இந்தக் குறையை ஏற்றுக்கொண்டு எளிதில் கிடைக்கும் தண்டவாளத்தையே பயன்படுத்துகின்றனர். சிலர் சக்கரத்தையும் பாதையையும் தாங்களே செய்துகொள்கின்றனர்.

மீட்டர் பாதைக்கு நிலைமை இதைவிட நன்று. 1,000 மில்லிமீட்டரை 87ஆல் வகுத்தால் 11.5 வரும். 12 மில்லிமீட்டர் தண்டவாளம் இதற்குக் கிட்டத்தட்டச் சரியாகப் பொருந்தும். சுவிட்சர்லாந்தின் மலைப்பாதைகள் மீட்டர் பாதைகள் என்பதால் ஐரோப்பாவில் அந்தத் தண்டவாளம் விற்பனைக்கு உண்டு. 1:160 வீதத்தில் மீட்டர் பாதை 6.25 மில்லிமீட்டர் ஆகும். அதற்கு 6.5 மில்லிமீட்டர் தண்டவாளம் உதவும். 1968இல் ஜெர்மனியில் அறிமுகமான எல்.ஜி.பி. தோட்ட வண்டிகள் 45 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் 1:22.5 வீதத்தில் ஓடுபவை. அவை முதலிலேயே மீட்டர் பாதைக்காக வகுக்கப்பட்டவை. ஆகவே பழைய தூத்துக்குடிப் பாதையை அமைக்க விரும்புவோருக்கு, இன்றைய பாதையை அமைப்போரைவிடத் தண்டவாளச் சிக்கல் குறைவு. குலசேகரன்பட்டினத்தின் இரண்டு அடிப் பாதை 1:87இல் 7 மில்லிமீட்டர் ஆகும். அதற்கும் 6.5 மில்லிமீட்டர் தண்டவாளமே நெருங்கியது.

பெட்டி செய்யும் முறை

1:87 வீதத்தில் ஐ.சி.எஃப். பெட்டியின் நீளம் 245 மில்லிமீட்டர், அகலம் 37.3 மில்லிமீட்டர், உயரம் 46.3 மில்லிமீட்டர். எல்.எச்.பி. பெட்டி 270.6 மில்லிமீட்டர். இந்தியப் பெட்டிகளின் ஆயத்தத் தொகுப்புகள் அரிதாகவே கிடைப்பதால், பலர் அட்டை, பிளாஸ்டிக் தகடு, பித்தளைத் தகடு ஆகியவற்றில் தாங்களே கட்டுகின்றனர். அண்மைக் காலத்தில் முப்பரிமாண அச்சும் துணைக்கு வந்துள்ளது.

வழக்கமான வரிசை இது. முதலில் பக்கச்சுவரின் வரைபடத்தை உரிய வீதத்தில் அச்சிட்டுத் தகட்டில் ஒட்டிச் சன்னல்களை வெட்டுவர். சன்னல்களை வெட்டி முடித்த பின்னரே சுவரின் வெளி விளிம்பை வெட்ட வேண்டும். முன்னமே வெட்டினால் மெல்லிய தகடு வளைந்துவிடும். அடுத்து இரு பக்கச்சுவர்களையும் இரு முனைச்சுவர்களையும் தரைத்தட்டில் செங்குத்தாக நிறுத்துவர். கூரை கழற்றும்படி இருந்தால் உள்ளே இருக்கையும் விளக்கும் வைக்கலாம். கடைசியில் சக்கரத் தொகுதியைப் பொருத்துவர். தமிழில் போகி என்ற சொல் பேச்சு வழக்கில் முழுப் பெட்டியையும் குறிக்கிறது. தொழில்நுட்பத்தில் அது பெட்டிக்கு அடியில் திரும்பும் நான்கு சக்கரச் சட்டத்தை மட்டுமே குறிக்கும். வரைபடம் படிக்கும் மாணவர் இந்த வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும்.

எடை முக்கியமானது. எடை குறைந்த பெட்டி வளைவில் தடம் புரளும். அமெரிக்காவின் தேசிய மாதிரி இருப்புப்பாதைச் சங்கம் 1:87 வீதத்துக்கு ஒரு பரிந்துரை தருகிறது. அடிப்படையாக ஓர் அவுன்சும், ஒவ்வோர் அங்குல நீளத்துக்கு அரை அவுன்சும் இருக்க வேண்டும் என்பது அது. 245 மில்லிமீட்டர் பெட்டிக்கு இது ஏறக்குறைய 165 கிராம். எடையைத் தரைத்தட்டில் தாழ்வாக, இரு சக்கரச் சட்டங்களுக்கும் சமமாகப் பிரித்து வைக்க வேண்டும்.

நீளமான பெட்டி வளைவில் திரும்பும்போது அதன் நடுப்பகுதி உள்பக்கம் தள்ளி வரும். ஐ.சி.எஃப். பெட்டியில் இரு சக்கரச் சட்டங்களின் மையங்களுக்கு இடையிலான தொலைவு 14,783 மில்லிமீட்டர். சிற்றுருவில் அது 170 மில்லிமீட்டர். 457 மில்லிமீட்டர் ஆரமுள்ள வளைவில் பெட்டியின் நடுப்பகுதி ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் உள்ளே வரும். வளைவில் நடைமேடையோ கம்பமோ வைப்பவர் இந்த இடத்தை முன்கூட்டியே விட்டுவைக்க வேண்டும்.

நுணுக்க வேலைகள்

பெட்டி எந்தக் காலத்தது என்பதைக் காட்டுபவை சிறு விவரங்களே.

இணைப்பி: மீட்டர் பாதைப் பெட்டிகளில் நடுவில் ஒரே தாங்கியும் கொக்கியும் இருக்கும். பழைய அகலப்பாதைப் பெட்டிகளில் இரு பக்கமும் தாங்கிகளும், நடுவில் திருகு இணைப்பியும் இருக்கும். பிற்காலப் பெட்டிகளில் பற்றும் வகை நடு இணைப்பி வந்தது.

சன்னல்: இரண்டாம் வகுப்புப் பெட்டியின் சன்னலில் கிடைக்கம்பிகள் உண்டு. அவசர வழிச் சன்னலில் கம்பிகள் இல்லை. குளிர்சாதனப் பெட்டியில் திறக்காத அகலக் கண்ணாடி உண்டு.

அடிப்பகுதி: மின்கலப் பெட்டியும், சக்கர அச்சிலிருந்து வாரால் சுழலும் மின்னாக்கியும், தடைக்கான உருளையும் குழாயும் இருக்கும். பார்வையில் படாது என்று இவற்றை விட்டுவிட்டால் பெட்டி காற்றில் மிதப்பதுபோல் தெரியும்.

நிறம்: விடுதலைக்குப் பிந்தைய பெட்டிகள் நெடுங்காலம் அரக்குச் சிவப்பில் இருந்தன. காற்றுத்தடை பரவிய காலத்தில், 1990களில், நீல நிறம் வந்தது. எல்.எச்.பி. பெட்டிகளில் சிவப்பு பரவலானது. நீலப் பெட்டியை மீட்டர் பாதைக் காலத்து நீராவிப் பொறியின் பின்னால் கோத்தால் காலம் குழம்பும்.

எண்: பெட்டியின் எண்ணில் முதல் இரு இலக்கங்கள் அது கட்டப்பட்ட ஆண்டைக் குறிப்பவை. காட்சியின் ஆண்டுக்குப் பிந்தைய எண்ணை எழுதினால், அறிந்தவர் அந்த ஓர் எண்ணைக் கொண்டே பிழையைச் சொல்லிவிடுவார்.

இன்றைய துறைமுகச் சரக்கு வண்டி

1980களில் பரவிய பாக்ஸ்-என் திறந்த பெட்டி, நிலக்கரி முதலிய மொத்தச் சரக்குகளுக்கு உரியது. இணைப்பிகளுக்கு இடையே அதன் நீளம் 10,713 மில்லிமீட்டர். 58 பெட்டிகள் கொண்ட ஒரு முழு வண்டி, இழுபொறி நீங்கலாக, ஏறக்குறைய 621 மீட்டர் நீளும். 1:87 வீதத்திலும் அது 7 மீட்டருக்கு மேல் ஆகும். ஒரு வீட்டு அறையில் அது அடங்காது. எனவே எட்டு அல்லது பத்துப் பெட்டிகளைக் கொண்டே முழு வண்டியின் தோற்றத்தை உண்டாக்குகின்றனர். பெட்டிகள் ஒரே வகையாகவும், அவற்றின் அழுக்கும் பள்ளமும் வெவ்வேறாகவும் இருந்தால் நீளம் கூடியதுபோல் தோன்றும். உரம், சிமென்ட் போன்றவை மூடிய பெட்டியில் செல்லும்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் 210 மெகாவாட் திறனுள்ள ஐந்து அலகுகள் அமைந்தன. முதல் அலகு 1979இல் இயங்கத் தொடங்கியது. அதற்கான நிலக்கரி கப்பலில் வந்து, துறைமுகத்திலிருந்து நகரும் பட்டை வழியே நிலையத்துக்குச் செல்கிறது. மின் நிலையம் என்றதும் நிலக்கரி வண்டி என்று எண்ணி, அதன் வாசலில் நீண்ட வண்டியை நிறுத்துவது இவ்வூருக்குப் பொருந்தாது.

மாதிரிகளைப் பார்க்கும் இடங்கள்

சென்னையில் ஐ.சி.எஃப். வளாகத்தையொட்டி 2002இல் திறக்கப்பட்ட மண்டல இரயில் அருங்காட்சியகத்தில் பழைய பெட்டிகளையும் மாதிரிகளையும் காணலாம். திருச்சிராப்பள்ளியிலும் ஓர் இரயில் அருங்காட்சியகம் உள்ளது. புது தில்லியின் தேசிய இரயில் அருங்காட்சியகம் 1977இல் திறக்கப்பட்டது. புணேயில் 1998 முதல் இயங்கும் ஜோஷி சிற்றுரு இருப்புப்பாதை அருங்காட்சியகம், ஒரு தனிமனிதரின் பொழுதுபோக்கு பொது நிறுவனமாக வளர்ந்ததற்குச் சான்று.

தமிழர் வீடுகளில் இக்கலைக்கு உறவான பழக்கம் ஒன்று முன்பே உண்டு. நவராத்திரிக் கொலுப் படிகளுக்குக் கீழே மணல் பரப்பி, கேழ்வரகு முளைக்கவிட்டு, குளமும் பூங்காவும் அமைத்து, பொம்மை இரயில் ஓட விடுவார்கள். கொலுப் பூங்காவில் கற்பனைக்குத் தடையில்லை. சிற்றுரு இருப்புப்பாதை அந்தக் கற்பனையோடு அளவையும் ஆண்டையும் சேர்த்துக் கேட்கிறது.

சிற்றுருவின் வரலாற்று மதிப்பு

மரப்பெட்டிகள் உளுத்தும் உடைக்கப்பட்டும் மறைந்தன. மீட்டர் பாதைத் தண்டவாளம் பெயர்க்கப்பட்டது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது, பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் வண்டி ஒன்று அதில் இருந்தோருடன் கடலில் மூழ்கியது. ஒளிப்படம் ஒரு பக்கத்தைக் காட்டும். வரைபடம் அளவைச் சொல்லும். ஒரு பெட்டியின் உள்ளும் புறமும் மேலும் கீழும் ஒருசேரக் காட்டக்கூடியது சரியான சிற்றுரு மட்டுமே. அதனால்தான் சிற்றுருவில் செய்யும் பிழையும் எளிதில் வரலாறாகப் பதிந்துவிடுகிறது. ஒரு கண்காட்சியில் தவறான பெட்டியைப் பார்த்த மாணவர் அதையே உண்மை என்று கொள்வார்.

புதிதாகத் தொடங்குவோர் ஓர் இடத்தையும் ஓர் ஆண்டையும் முதலில் முடிவு செய்வது நல்லது. 1907இன் தூத்துக்குடி என்றால் மரப்பெட்டி, பஞ்சுப் பொதி, தோணி. 1930இன் குலசேகரன்பட்டினம் என்றால் குறுகிய பாதை, பனை, செம்மணல். 1980இன் மணியாச்சி என்றால் அரக்குச் சிவப்பில் மீட்டர் பாதைப் பெட்டிகள். இன்றைய மீளவிட்டான் என்றால் நீண்ட சரக்கு வண்டி, மேலே மின்கம்பி. ஆண்டு உறுதியானால் பாதை அகலம், பெட்டியின் வடிவம், நிறம், எண், சரக்கு, ஏறி இறங்கும் மக்கள் ஆகிய அனைத்தும் ஒன்றன்பின் ஒன்றாக அதிலிருந்தே முடிவாகிவிடும்.